சேலத்தில் ஒரு சுறாப் பல்

சேலத்தில் கடல் கிடையாது. எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு பகல் முழுக்க ரயிலில் உட்கார்ந்தால்தான் கடற்கரையைப் பார்க்கலாம். இங்கே இருப்பதெல்லாம் கருங்கல்லும் வெள்ளைக்கல்லும் செம்மண்ணும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சுறாப் பல் கண்டெடுத்த கதையை ஆரம்பித்தாலே கேட்கிறவர்கள் குறுக்கே விழுந்து, "சேலத்திலா?" என்பார்கள். சேலத்தில்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் அப்போது ரோடு ஓவர்சியர். பாலத்துக்கும் மதகுக்கும் சுண்ணாம்பு வாங்குமுன் காளவாயில் போய் நின்று, கல் நன்றாக வெந்திருக்கிறதா, பாதி பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. முன்பெல்லாம் நம் பக்கத்துச் சுக்கான்கல்லைத்தான் சுட்டார்கள். விருத்தாசலத்துக்கு ரயில் ஓட ஆரம்பித்த பிறகு அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வாகன் வாகனாக வந்து இறங்கியது. அந்தக் கல்லை உடைத்தால் உள்ளே சிப்பியும் சங்கும் நத்தையும் இருக்கும். எல்லாம் கல்லாகிப் போனவை. அந்தச் சீமை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அதோடு எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. காளவாயில் ஏற்றிவிட்டால் சிப்பியாவது சங்காவது, எல்லாம் ஒரே வெள்ளைப் பொடி. அதற்கு முன்னால் கையில் அகப்பட்டதைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

"ஓவர்சியரு சுண்ணாம்பு பாக்க வாராருங்களா, சோழி பொறுக்க வாராருங்களா?" என்று காளவாய்க்காரர் என் முகத்துக்கு நேராகவே கேட்பார். கேட்டுவிட்டு, பொறுக்கியதைக் கட்டிக்கொண்டு போகப் பழைய சாக்கும் எடுத்துக் கொடுப்பார். நல்ல மனுஷன்.

அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டின் மேலேயே எனக்கு வாடகை வீடு. ஒரு கோடையில் மலைக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று சூடேறி வாசலில் நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டு இறங்கி வந்தவர் சென்னைக் காலேஜ் ஒன்றில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் நடத்தும் புரொபசர். ஜன்னலில் அடுக்கி வைத்திருந்த சிப்பிக் கற்களைப் பார்த்தார். கார் தண்ணீருக்குக் காத்திருப்பதையே மறந்துவிட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் மலைக்குப் போகும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் என் வீட்டில் நிற்பார். மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும்படியான ஒரு பூதக்கண்ணாடியையும் எனக்குக் கொடுத்தார். "சிப்பி யாருக்கும் கிடைக்கும். வேர் உடையாமல், விளிம்பு தேயாமல் முழுச் சுறாப் பல் கிடைப்பது அபூர்வம். உங்களுக்குக் கிடைத்தால் காலேஜ் அலமாரியில் உங்கள் பெயரை எழுதி வைக்கிறேன்" என்றார். சம்பளப் பட்டியலைத் தவிர என் பெயரை எங்கேயும் யாரும் எழுதியதில்லை. ஆசை இருக்காதா? இருந்தது.

தை மாதம் அது கிடைத்தது. காளவாயில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தலைமேல், உடைந்த கல்லின் முகத்தில், பழுப்பாக ஏதோ ஒன்று வெயிலில் பளபளத்தது. "நில்லு!" என்று கத்திவிட்டேன். அவள் கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"ஏனுங்க இப்பிடிக் கத்தறீங்க? பாம்புன்னு நெனச்சுப்போட்டனுங்க. காலு மேல உழுந்திருந்தா என்னாகறது?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியதில் பாதிகூட என் காதில் விழவில்லை. கல்லை மடியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

குத்தூசியை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மாவு மாவாகக் கல்லைச் சுரண்டி அதை வெளியே எடுத்தேன். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மூன்று மூலை. தேன் நிறம். கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு பக்க விளிம்பிலும் கருக்கரிவாள் மாதிரி பொடிப்பொடியாகப் பல் வரிசை. கீழே வேர், ஒரு சில்லுகூடப் போகாமல். சத்தம் போட்டுச் சிரித்தேன்.

உள்ளறையில் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரிக்கு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஊர். முதல் பிரசவம் அங்கேதான் நடந்தது. பெண் குழந்தை. ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இவளுக்குப் பால் வற்றிப்போயிற்று. பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் தந்தி கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவது பிரசவத்துக்கு ஊருக்குப் போகமாட்டேன் என்று அவள் பிடிவாதமாகச் சேலத்திலேயே இருந்தாள். துணைக்கு அவளுடைய அண்ணி வந்தார். மார்கழியில் மறுபடியும் பெண். தை பாதியில் மறுபடியும் பால் குறைய ஆரம்பித்தது.

பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார் அண்ணி. முருங்கைக்கீரை கொடுத்தார். முன்னளவுக்குப் பால் வரவில்லை. "தம்பி, ஒரு பாலுசுறா மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. புட்டுப் பண்ணி ரெண்டு வேளை குடுத்தாப் போதும், பாலு தானா ஊறும்" என்றார். நம் நாட்டில் பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டுமென்றால் சுறாதான். சந்தைக்குப் போனேன். கருவாட்டுக்காரி கையை விரித்துவிட்டாள். "புயலுங்க. கடக்கரையிலிருந்து சரக்கே வல்லீங்க. நெத்திலி இருக்குது, வேணுங்களா?" என்றாள். செவ்வாய்ப்பேட்டையிலும் கேட்டேன். அடுத்த வாரச் சந்தையிலும் கேட்டேன். வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டுக்காரி பையைப் பார்த்தாள். குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

பல் வெளியே வந்தது அதே வாரத்தில்தான். என் வாய் சும்மா இருக்குமா? பால்காரன் வந்தால் அவனிடம் காட்டினேன், தபால்காரர் வந்தால் அவரிடம் காட்டினேன். "இது என்ன தெரியுமா? சுறாவோட பல்லு. நெசமான சுறா. கோடிக்கணக்கான வருஷம்!" என்பேன். பால்காரன், "அத்தனை வருஷமாங்க? சொத்தையே உழுகலீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனான். பஞ்சில் பொதிந்து பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்தேன். சித்திரையில் புரொபசர் வருவார். அதுவரை தினமும் ஒரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் மல்லசமுத்திரம் ரோட்டில் மதகு வேலைக்குப் பதினைந்து நாள் காம்பு போய்த் தங்க வேண்டியிருந்தது. போகும்போது குழந்தையின் கால் என் விரல் தடிமன்தான் இருந்தது, கை அதைவிட மெலிவு. திரும்பி வருகிறேன், வாசலில் நுழையும்போதே அண்ணியின் சிரிப்புச் சத்தம். "என்ற சாமி, போதுஞ் சாமி, மூச்சு முட்டப் போகுது" என்று குழந்தையோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தைக்குக் கன்னம் வந்திருந்தது. வாயோரத்தில் பால் வழிந்தது. ரவிக்கை நனைந்திருப்பதை மறைக்காமல் வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷத்தில் ஒரு தரம் என் பல்லையும் பார்த்துவிடலாம் என்று டப்பாவைத் திறந்தேன்.

பஞ்சுக்குள் பாதிப் பல்தான் இருந்தது. நுனி இல்லை. விளிம்பு வரிசை இல்லை. வெட்டினதுபோல் ஒரு தட்டை முகம், பளிச்சென்று.

"ஏம் புள்ள, இதை யாரு எடுத்தது?"

"நாந்தானுங்க."

"நுனி எங்கே?"

அவள் மடியில் கிடந்த குழந்தையைக் காட்டினாள்.

விஷயம் இதுதான். எங்கள் வீடுகளில் கைக்குழந்தை இருந்தால் மருந்து உரைக்கிற கல் ஒன்று இருக்கும். வசம்பு, மாசிக்காய், சுக்கு எல்லாவற்றையும் அதில் சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்து நாக்கில் தடவுவார்கள். நான் காம்பு போன அன்றைக்கே இவள் பல்லை எடுத்து அந்தக் கல்லில் உரைத்து, கருப்பட்டித் தண்ணீரில் கலக்கிக் குடிக்க ஆரம்பித்திருக்கிறாள். காலையும் மாலையும். அண்ணி காவல்.

"சுறா கெடைக்கலீன்னு வெறுங்கையோட வந்தீங்க. ஊட்டுக்குள்ளயே சுறாவை வெச்சுக்கிட்டு, பாலுக்காரனுக்குச் சொல்றீங்க, தபால்காரருக்குச் சொல்றீங்க. எனக்குச் சொல்லோணும்னு தோணுச்சுங்களா?"

"அது கல்லு புள்ள! மீனுமில்லை, கறியுமில்லை. வெறுங்கல்லு!"

"வசம்பு மட்டும் என்னங்க, கறியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன பேசினேன் என்று இப்போது எழுத முடியாது. படிக்காத முண்டம் என்பது அதில் கொஞ்சம் மரியாதையான வார்த்தை. அண்ணி கதவடியில் வந்து நின்றார். "தம்பி, சத்தம் போடாதீங்க. பச்ச ஒடம்புக்காரி. பயந்தா வந்த பாலும் நின்னுபோகும்" என்றார். அதற்குமேல் நான் எங்கே கத்துவது? டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே போய் முருங்கை மரத்தடியில் நின்றேன். மிச்சத்தை யாராவது தொட்டால் நடப்பதே வேறு என்று மரத்திடம் சொல்லிவிட்டு வந்தேன்.

சித்திரையில் புரொபசர் வந்தார். பல்லைக் கையில் வாங்கிக் கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"நுனி இல்லையே."

"உடஞ்சு போச்சுங்க" என்றேன்.

"உடைந்ததல்ல இது. யாரோ தேய்த்திருக்கிறார்கள்."

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "புள்ள பெத்தவளுக்கு ஒரைச்சுக் குடுத்தமுங்க சாமி. நெம்ப நல்லா பாலு வந்துருச்சுங்க." அந்த அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

புரொபசர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் பெருமூச்சு விட்டு, பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். "நுனியும் விளிம்பும் இல்லாமல் எந்தச் சுறா என்று எழுத முடியாது. சுறா என்று மட்டும்தான் எழுதலாம். ஆனால் வேர் பிரமாதமாக இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது இதை வாங்கிக்கொள்கிறேன். அதுவரை பத்திரமாக வையுங்கள். அலமாரியில் உங்கள் பெயர் இருக்கும்."

பெயர் போகவில்லை. அதுவரைக்கும் லாபம். வேரில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சக் கல்லையும் ஊசியால் எடுத்துச் சுத்தம் செய்தேன். டப்பாவை என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்காரியோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவேன், போதுமென்றால் கையைக் காட்டுவேன். அவளும் லேசுப்பட்டவளில்லை, கூப்பிடவேண்டுமானால் குழந்தையிடம் பேசுகிற சாக்கில் பேசினாள். "சாமி, உங்க அய்யனைக் குளிக்கச் சொல்லுங்க, தண்ணி ஆறுது" என்பாள்.

ஊரில் மாரியம்மன் நோம்பி என்று அண்ணி புறப்பட்டுப் போனார். அவர் போன கையோடு வீட்டுக்காரிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. நடுக்கமென்றால் கட்டிலே ஆடியது. டாக்டர் வந்து கொய்னா மருந்து கொடுத்தார். பாகற்காயைவிடக் கசப்பு, அதையும் விழுங்கினாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பால் நின்றுபோயிற்று.

குழந்தை முதலில் ஆங்காரமாக அழுதது. பசும்பால் கொடுத்தேன், கக்கிவிட்டது. டாக்டர் சொன்னபடி தண்ணீர் கலந்து கொடுத்தேன், வயிற்றால் போயிற்று. அப்புறம் அழுகை சன்னமாகிவிட்டது. அதைக் கேட்க முடியாமல்தான் அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதல் குழந்தையும் இப்படித்தான் கத்துவதை நிறுத்தியது என்று அண்ணி ஒரு தரம் சொல்லியிருந்தார்.

அவள் பல்லைக் கேட்கவில்லை. பெட்டி கட்டிலுக்குக் கீழேயே இருந்தது, சாவி என் அரைஞாணில் தொங்கியது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் வள்ளென்று விழுந்திருப்பேன், எனக்கும் லேசாகப் போயிருக்கும். கேட்கவில்லை. என்னிடம் கேட்பதைவிடச் சும்மா கிடப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

மத்தியானம். பெட்டியைத் திறந்தேன். உரைகல்லைக் கழுவி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்து உட்கார்ந்தேன். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உரைக்க ஆரம்பித்தேன். மேல்பகுதி வழுக்கியது, சுலபத்தில் இறங்கவில்லை. வேர்ப்பகுதி சந்தனம்போல் இறங்கியது. கர் கர்ரென்று சத்தம் கேட்டு அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். சற்று நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"கொஞ்சம் மிச்சம் வெய்யுங்க. அவுரு வந்து கேப்பாருல்லீங்க?"

"குடிச்சாச்சுன்னு சொல்றேன்."

அவள் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது, அதோடேயே சிரித்தாள். நான் நிறுத்தவில்லை. பல் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போயிற்று. விரல் நுனியால் அழுத்தி உரைத்தேன். கல்லில் என் தோலும் கொஞ்சம் போயிற்று. கடைசித் துணுக்கு விரலுக்கடியில் மணல் மாதிரி நெறுநெறுத்துக் கரைந்தது. கருப்பட்டித் தண்ணீரில் கலக்கி அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

பால் வந்தது. மறுநாள் கொஞ்சம், அப்புறம் நன்றாக. கொய்னாவில் காய்ச்சல் இறங்கியது, காய்ச்சல் இறங்கியதால் பால் வந்தது என்றார் டாக்டர். நான் டாக்டர் கட்சிதான். வீட்டில் அதைச் சொன்னதில்லை.

புரொபசர் மலையிலிருந்து இறங்கி வந்தார். பல்லைச் சுற்றி வைக்கப் புது வெல்வெட்டுத் துணி வேறு கொண்டுவந்திருந்தார். "குடிச்சாச்சுங்க" என்றேன். புரியாமல் விழித்தார். நடந்ததைச் சொன்னேன். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "குழந்தை சௌக்கியமா?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். "அப்படியென்றால் சரி" என்றார். சரியில்லை என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. எனக்கும் வருத்தம்தான், இல்லையென்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு எத்தனையோ காளவாய்க் கல்லை உடைத்துப் பார்த்தேன். சிப்பிதான் வந்தது.

ஆனி மாதம் ஒரு காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, இங்க சித்த வாங்க! ஓடி வாங்க!" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். பதறிக்கொண்டு ஓடினேன். குழந்தையை மடியில் மல்லாத்திப் போட்டு, கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்திருந்தாள். கீழ் ஈறில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

"பல்லுக் கொழுக்கட்டைக்கு அரிசி ஊறப் போடோணும்" என்றாள்.

நான் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து விரித்தேன். குனிந்து, ஒரு விரலை வாய்க்குள் விட்டு உதட்டை விலக்கிப் பார்த்தேன். விளிம்பு நேராக இல்லை. பொடிப்பொடியாக மூன்று மேடு, வரிசையாக.

"எந்தச் சுறாவுங்க?" என்று கேட்டாள் அவள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் குழந்தை கடித்துவிட்டது. நன்றாக வலித்தது. நான் விரலை எடுக்கவில்லை.